போர்டு மாட்டுவதற்கு முன்: உளச்சிகிச்சைத் தொழில் பற்றி ஒரு விவாத இழை

கேள்வி: விருதுநகரிலிருந்து ஒரு வாசகர், 2024 மார்ச் 2

என் மகள் எம்.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறாள். பிறகு இணையவழியில் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்து 'தெரபிஸ்ட்' என்று சான்றிதழும் வாங்கிவிட்டாள். பஜாரில் மாடி அறை ஒன்று பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. போர்டு எழுதக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? நகராட்சியிலா, சுகாதாரத் துறையிலா? மருந்து எதுவும் எழுதப் போவதில்லை, பேசத்தான் போகிறாள்.

பதில்: மருத்துவ உளவியலாளர் ஒருவர், மார்ச் 2, இரவு

யாரிடமும் வாங்க வேண்டாம். அதுதான் தொல்லை.

ஆலோசகர், தெரபிஸ்ட், மனநலப் பயிற்சியாளர் என்று எதை எழுதி மாட்டினாலும், இன்றைய நிலையில் உங்கள் மாடிப்படி ஏறி வந்து கேட்க ஆள் இல்லை. 'மருத்துவ உளவியலாளர்' என்று எழுதினால் மட்டும் சிக்கல். அதற்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், நாங்கள் ஆர்.சி.ஐ. என்று சொல்வது, பதிவு எண் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாயில் இன்று போர்டே எழுத முடியாது என்பது வேறு விஷயம்.

வீட்டில் குழப்பம் இருக்கும் என்பதால் சுருக்கமாக: எம்.பி.பி.எஸ். படித்து, அதன்மேல் மனநல மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்தவர் மனநல மருத்துவர். மாத்திரை எழுதுவது அவர். மருத்துவ உளவியலாளர் சோதனைகள் செய்வார், உளச்சிகிச்சை தருவார், மாத்திரை எழுதமாட்டார். இந்த இருவருக்கும் வெளியே 'கவுன்சிலிங்' என்ற பெயரில் ஒரு பெருங்கூட்டம். அதில் அருமையானவர்களும் உண்டு, நேற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

மார்ச் 3, காலை

போர்டில் 'டாக்டர்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். போர்டு எழுதுகிறவர் தாமாகவே சேர்த்துவிடுவார். எனக்கு அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார். அழிக்கச் சொன்னதற்கு, "போட்டால் கூட்டம் வரும்" என்று வருத்தப்பட்டார்.

மார்ச் 5

'அப்படியானால் முறையான வழி எது' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முதுகலை உளவியலுக்குப் பிறகு மருத்துவ உளவியலில் எம்.ஃபில்., இரண்டு ஆண்டு, முழுநேரம். முதுகலையில் குறைந்தது 55 விழுக்காடு வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனம் இரண்டும் பழைய பெயர்கள். சென்னையிலும் சில மருத்துவப் பல்கலைக்கழகங்களில் உண்டு. பெங்களூரில் இந்தப் பயிற்சி 1955இலேயே டிப்ளமோவாகத் தொடங்கிவிட்டது. ஓராண்டுத் தொழில்முறை டிப்ளமோ ஒன்றும் இருக்கிறது. முனைவர் அளவில் சை.டி. என்று ஒன்று.

இதில் ஒரு கூத்து. எம்.ஃபில். பட்டத்தையே ஒழித்துவிட்டோம், யாரும் சேராதீர்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 டிசம்பரில் அறிவித்தது. எங்கள் வட்டத்தில் ஒரே பதற்றம். ஒரு தொழிலுக்கான வாசலே அந்தப் பட்டம்தான். 2024 ஜனவரியில் அதே குழு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு என்றது. ஆகையால் உங்கள் மகள் எந்தக் கல்லூரியில் விண்ணப்பித்தாலும், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. காகிதத்தில் வழி போட்டாகிவிட்டது. விருதுநகர் பஜாருக்கு அது வந்து சேர நாளாகும்.

மார்ச் 9

'இரண்டு வருடம் என்னதான் சொல்லித்தருவார்கள், பேசுவதற்குப் பயிற்சியா?' என்று கேட்டிருக்கும் நண்பருக்கு.

முதல் ஆண்டில் பேச்சுக்கு வேலையே குறைவு. வரலாறு எடுக்க வேண்டும். வந்தவரின் தொல்லை எப்போது தொடங்கியது, தூக்கம், பசி, வேலை, குடும்பத்தில் வேறு எவருக்காவது உண்டா, பள்ளிக்கூடம் எப்படி, திருமணம் எப்படி என்று பக்கம் பக்கமாக. எழுதி முடித்துக் கொண்டுபோனால், "தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். படுத்தவுடன் வரவில்லையா, வந்து நடுவில் போகிறதா, விடியற்காலையில் போய்விடுகிறதா?" என்று கேட்பார்கள். திரும்பப் போய்க் கேட்டு வர வேண்டும். விடியற்காலை விழிப்பும் படுத்தவுடன் வராத தூக்கமும் வேறு வேறு கதைகள்.

அடுத்தது சோதனைகள். பினே-காமத் அறிவுத்திறன் சோதனை, மைத்தடத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை, நினைவாற்றல் சோதனைகள். அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவில் உளவியலாளரைத் தேடி வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் ஐ.க்யூ. சான்றுக்காக வருகிறவர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம் என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் வேண்டும். காலையில் பஸ் ஏறி வந்த குழந்தை பதினொரு மணிக்குப் பசியோடு உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் எடுத்த எண் அந்தக் குழந்தையின் எண்ணா, பசியின் எண்ணா? என் சூப்பர்வைசர் மேடம் பையில் எப்போதும் பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பார். சோதனைக்கு முன் பிஸ்கட், பிறகு சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வது, அதற்குப் பிறகுதான் முதல் கேள்வி. எந்தக் கையேட்டிலும் இது இல்லை.

மூன்றாவது, ஒவ்வொரு அமர்வுக்கும் எழுதும் நோட்டு. நீள நோட்டில் நெடுக்காக மூன்று பத்தி போட வேண்டும். ஒன்றில் அவர் சொன்னது, அடுத்ததில் நான் சொன்னது, கடைசியில் அப்போது என் உள்ளே ஓடியது. அமர்வின்போது எழுதக்கூடாது. முடிந்தவுடன் நினைவிலிருந்து எழுத வேண்டும். மேடம் சிவப்புப் பென்சிலால், நான் அறிவுரை சொன்ன இடத்தையெல்லாம் வட்டம் போடுவார். ஆரம்பத்தில் பக்கம் அம்மை போட்டதுபோல் இருக்கும். பிறகு மூன்றாவது பத்தியைக் காட்டி, "இங்கே எரிச்சலாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியிலேயே அறிவுரை வருகிறது பார்" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். எதிரே இருப்பவருக்கு உதவத்தான் பேசினேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வாக்கியங்களில் பாதி, என் எரிச்சலைத் தணிக்க நான் பேசியவை.

பேசுவதற்குப் பயிற்சியா என்றால், பேசாமல் இருக்கப் பயிற்சி.

மார்ச் 10

அறைக்குள் எத்தனை பேர் என்பதை எந்தப் பாடநூலும் நம் ஊருக்கு ஏற்றபடி எழுதவில்லை. புத்தகத்தில் இரண்டு நாற்காலி. இங்கே மருமகள் உட்காருவார், மாமியார் பதில் சொல்வார், கொழுந்தன் வாசலில் நின்றுகொண்டு மாமியாரைத் திருத்துவார், கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா பொதுவாகத் தலையாட்டுவார். அவர்களை வெளியே அனுப்புவதற்கே தனித்திறமை வேண்டும். "இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், வெளியே இருங்கள்" என்று சொல்லும் வசதி எங்களுக்கு இல்லை. கையில் கருவியே கிடையாது.

மார்ச் 11

'கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிற ஜனத்திடம் இதெல்லாம் எடுபடுமா' என்ற கேள்விக்கு.

மனநோய் தீர வேண்டி ஜனம் போகும் ஏர்வாடி தர்காவை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் காப்பகங்களுக்கு உரிமம், ஆய்வு என்பதெல்லாம் அரசுக்கு உறைத்தது. பின்னாளில் தர்காவை ஒட்டியே மருந்தும் துஆவும், அதாவது பிரார்த்தனையும், ஒன்றாகக் கிடைக்க அரசு மனநல மருத்துவ ஏற்பாடு வந்தது. துஆவை விட்டுவிட்டு வா என்று சொல்லியிருந்தால் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள்.

பயிற்சிக் காலத்தில் வேறொரு ஊர் முகாமில் நான் பார்த்தது. மகனுக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒரு தாய் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் கேட்டார்: "கயிறு கட்டியபின் எத்தனை நாள் நன்றாகத் தூங்கினான், அம்மா?" இரண்டு நாள் என்றார். "மூன்றாம் நாள் என்ன செய்தான்?" அந்தத் தாய் அரை மணி நேரம் சொன்னார். செய்வினை உண்டா இல்லையா என்ற பேச்சே வரவில்லை. எங்களுக்கு வேண்டிய வரலாறு முழுவதும் கிடைத்துவிட்டது.

மார்ச் 17

சென்னையிலிருந்து ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார்: 'ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தொலைபேசி எடுப்பவர்கள் எல்லோரும் எம்.ஃபில். படித்தவர்களா? பட்டம் பட்டம் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?'

நியாயமான அடி. 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய அந்த அமைப்பு தன்னார்வலர்களால் ஓடுகிறது. அவர்கள் உளச்சிகிச்சை தருவதாகச் சொல்வதில்லை. கேட்கிறார்கள், உடனிருக்கிறார்கள். பலரை அந்த ஓர் இரவு தாண்டவைக்க அது போதும்.

இதைவிடப் பலமான வாதத்தை நானே உங்களுக்கு எடுத்துத் தருகிறேன். கோவாவில் சங்கத் என்ற அமைப்போடு மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழு செய்த ஆய்வுகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் கடும் மனச்சோர்வுள்ளவர்களுக்கு, மனநலத் துறையில் முன்பயிற்சி எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்து, சில வாரம் பயிற்றுவித்து, ஆறு முதல் எட்டு அமர்வு கொண்ட எளிய சிகிச்சையைத் தரச் செய்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் தேறினார்கள். முடிவுகள் 2016 இறுதியில் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. பட்டம் இல்லாமல் இது நடந்தது.

எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரின் அமர்வும் ஒலிப்பதிவாயிற்று. குழுவாக உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டார்கள். இந்த இடத்தில் கேள்வி சரி, இந்த இடத்தில் அவசரம் என்று ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். பட்டம் வாங்கிய எத்தனை பேருடைய அமர்வை இப்படி இன்னொருவர் காதால் கேட்டிருக்கிறார்?

எழுத எழுத எனக்கே தெளிவாகிறது. மார்ச் 5 குறிப்பில் வாசலைப் பற்றி நீட்டி முழக்கினேன். வாசலைத் தாண்டி உள்ளே போனபின் உங்கள் வேலையை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. எம்.ஃபில்.லின் மதிப்பே அந்த இரண்டு ஆண்டில் உங்கள் நோட்டை வேறொருவர் படிக்கிறார் என்பதில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போதே, மேற்பார்வையில் பெற்ற மருத்துவப் பயிற்சி வேண்டும் என்கிறது. படிப்பு முடிந்த மறுநாள் முதல் அந்த மேற்பார்வை பற்றி எவரும் கேட்பதில்லை. பதிவைப் புதுப்பிக்கப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். கருத்தரங்கில் உட்கார்ந்து எழுந்தால் புள்ளி கிடைத்துவிடும். மதிய உணவும் நன்றாக இருக்கும்.

மார்ச் 18

நேற்றைய குறிப்பின் வால். மேற்பார்வை என்பது எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார்.

1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐடிங்கான் முதலியோர் ஏழைகளுக்கான உளப்பகுப்பாய்வு மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். அங்கே உருவான பயிற்சிமுறைக்கு மூன்று கால்கள். பாடம் கேட்பது, தானே ஒருவரிடம் சிகிச்சைக்கு உட்காருவது, தான் நடத்தும் சிகிச்சையை மூத்தவரிடம் வாரந்தோறும் ஒப்பிப்பது. இன்றைக்கும் உலகம் முழுவதும் ஓடுவது ஏறக்குறைய அந்த மாதிரிதான். நம் எம்.ஃபில்.லில் முதலும் மூன்றும் உண்டு. இரண்டாவது கட்டாயமில்லை. நான் என் செலவில் போனேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோதுதான், அமர்வு முடியப் பத்து நிமிடம் இருக்கையில் சிகிச்சையாளர் கண் கடிகாரத்துக்குப் போவதை வருகிறவர் எவ்வளவு துல்லியமாகக் கவனிக்கிறார் என்று தெரிந்தது. இப்போது என் அறையில் கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால் இருக்கிறது.

கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் கதை வேறு. 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர். வியன்னா போனதில்லை, எவரிடமும் சிகிச்சைக்கு உட்கார்ந்ததில்லை. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய வியன்னா மருத்துவர் பிராய்டோடு கடிதப் போக்குவரத்து மட்டும். பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போனது. பிராய்டும் அதை மேசைமேல் வைத்துக்கொண்டார். ஆனால் போஸ் பிராய்டோடு கருத்து வேறுபட்ட இடங்களும் உண்டு, அதைக் கடிதத்தில் மறைக்கவும் இல்லை. போஸுக்கு மேற்பார்வையாளர் யார்? தபால்காரர் என்று மாணவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

மார்ச் 18, இரவு

'போஸ் சுயம்பு, அதுபோல என் தங்கையும்' என்று ஒருவர். உங்கள் தங்கை போஸாகவே இருக்கட்டும். கடிதமாவது எழுதச் சொல்லுங்கள்.

மார்ச் 30

இரகசியம் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. 'சொன்னதை வெளியே சொல்லமாட்டீர்கள் என்று என்ன உத்தரவாதம்? கொலை செய்யப்போகிறேன் என்றாலும் சொல்லமாட்டீர்களா?'

முதல் அமர்விலேயே எல்லையைச் சொல்லிவிடுவேன். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியத்தை உரிமையாகத் தருகிறது. விலக்குகளும் அதிலேயே இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை. குழந்தை மீதான பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு எவரையும் விடாது. தெரிந்தவர் போலீஸிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ சொல்லியே ஆக வேண்டும். இதுதான் இந்தத் தொழிலில் கழுத்தைப் பிடிக்கும் இடம். பள்ளிப் பிள்ளை ஒன்று "யாரிடமும் சொல்லமாட்டீர்கள்தானே" என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்கப் போகும். அந்த நொடியில், "சிலவற்றைச் சொல்லியாக வேண்டியிருக்கும், ஆனால் உனக்குத் தெரியாமல் சொல்லமாட்டேன்" என்று குறுக்கிட வேண்டும். சில பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டுவிடும். வேறு வழியில்லை. பொய் வாக்குக் கொடுத்து வாங்கும் கதையைவிட அந்த மௌனம் மேல் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு. என் தோழி ஒருவர் இன்றைக்கும் இதில் என்னோடு சண்டை போடுகிறார்.

கொலைக் கேள்விக்கு அமெரிக்காவின் டாரசாஃப் வழக்குதான் எல்லாப் பாடத்திலும் வரும். அதில் நம் நாட்டுத் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வங்காளத்திலிருந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் கட்டுமானம் படிக்கப் போன மாணவர் ஒருவர், தன்னை ஏற்காத டாரசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப் போவதாக 1969இல் அங்கேயே தன் சிகிச்சையாளரிடம் சொன்னார். சிகிச்சையாளர் வளாகப் போலீஸுக்கு எழுதினார். போலீஸ் பிடித்தது, தெளிவாகத்தான் பேசுகிறார் என்று விட்டது. பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ எவரும் சொல்லவில்லை. அக்டோபர் 27 அன்று அந்தப் பெண் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்கச் சிகிச்சையாளருக்குக் கடமை உண்டு என்று 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதை எழுதும்போது என் மார்ச் 17 வாதம் ஆட்டம் காண்கிறது. அந்தச் சிகிச்சையாளர் தனியாள் அல்லர். அவருக்கு மேலே ஆள் இருந்தார். மேலே இருந்தவர்தான் இதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி, போலீஸுக்குப் போன கடிதத்தையும் சிகிச்சைக் குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார். கீழே இருந்தவர் சரியாகக் கவலைப்பட்டார், மேலே இருந்தவர் நிறுவனத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்.

ஆக, மேலதிகாரி வேறு, மேற்பார்வையாளர் வேறு. உங்கள் சம்பளமும் விடுப்பும் எவர் கையில் இருக்கிறதோ அவரிடம் நோட்டின் மூன்றாவது பத்தியை உண்மையாக எழுதிக் காட்ட முடியாது. நம் மருத்துவமனைகளில் இரண்டும் ஒரே ஆள்தான். பயிற்சி மாணவர் எரிச்சல் என்று எழுத வேண்டிய இடத்தில் 'பரிவு' என்று எழுதக் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

ஏப்ரல் 2

கட்டணம் கேட்டவருக்கு: அரசு மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் இலவசம். தனியாரில் ஆளுக்கு ஒரு விலை. பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று சொல்பவரிடம் போகாதீர்கள். நான்காவதில் சரியாகிவிட்டால் மீதி ஆறில் என்ன செய்வதாக உத்தேசம்?

ஏப்ரல் 14

புத்தாண்டு. மருத்துவ நிலையம் பூட்டியிருக்கிறது. கொஞ்ச நாளாகத் தள்ளிப்போட்ட ஒரு கேள்வி கிடக்கிறது: 'உங்களிடம் வந்துகொண்டிருந்தவர் எவராவது தற்கொலை செய்துகொண்டிருக்கிறாரா?'

ஆம். அவரைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன், எந்த ஆண்டு என்பது உட்பட. இரகசியம் இறப்போடு முடிவதில்லை. என் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

தகவல் வந்தபோது அடுத்தவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அவரை உள்ளே அழைத்தேன். நேரம் முழுவதும் உட்கார்ந்தேன். அவர் போனபின் மேடத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். படிப்பு முடிந்தபிறகும் நான் கட்டணம் கொடுத்துப் போய்க்கொண்டிருந்தது அவரிடம்தான். "கோப்பை எடுத்துக்கொண்டு வா. ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே, சேர்க்காதே" என்றார்.

முதல் பக்கத்திலிருந்து சேர்ந்து படித்தோம். ஏன் இதைக் கேட்கவில்லை என்று அவர் ஓரிடத்திலும் கேட்கவில்லை. "இந்தப் பக்கத்தில் உனக்கு என்ன தெரிந்திருந்தது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார். பின்னால் தெரியவந்ததை முன்பக்கத்தில் ஏற்றிப் படிக்க நான் முயலும்போதெல்லாம் நிறுத்தினார்.

காரியத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். "உன்னிடம் வந்தது குடும்பத்துக்குத் தெரியுமா?" என்றார். தெரியும். "அப்படியானால் அவர்களிடம் கேள், வரச் சொன்னால் போ. தெரியாதென்றால் நீ யார் என்று அங்கே என்ன சொல்லுவாய்?" போனேன். ஒருவரும் என்மேல் கோபப்படவில்லை. எனக்கு அது கடினமாக இருந்தது.

அடுத்த சில மாதங்களுக்கு, சற்று வாடிய முகத்தோடு எவர் வந்தாலும் மருத்துவமனையில் சேர்த்துவிடத் துடித்தேன். அதையும் அவர்தான் நோட்டில் பார்த்துச் சொன்னார். தனியே பயிற்சி செய்திருந்தால் அந்த மாதங்களில் என்னிடம் வந்தவர்கள்தான் அதற்கு விலை கொடுத்திருப்பார்கள்.

இதைப் படிக்கும் எவருக்காவது இப்போது அப்படி ஓர் எண்ணம் ஓடினால் 14416. டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை, 2022 அக்டோபர் முதல் இருக்கிறது, தமிழில் பேசலாம். 104உம் உண்டு.

ஏப்ரல் 15

அனுதாபம் சொன்னவர்களுக்கு நன்றி. போதும், வேறு பேச்சுக்குப் போகலாம்.

ஏப்ரல் 28

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டவருக்கு. ஜெர்மனியில் உளச்சிகிச்சையாளர் என்ற பெயரையே 1999 முதல் சட்டம் காக்கிறது. உரிமம் இல்லாதவர் போட்டுக்கொள்ள முடியாது. பிரிட்டனில் பெயருக்குச் சட்டக் காவல் இல்லை. ஆனால் அங்கே ஆலோசகர்களின் பெரிய சங்கம், தன் அங்கீகாரம் பெற்றவர்கள் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பார்வைக்கு உட்கார வேண்டும் என்கிறது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் சரி, நரைத்தவருக்கும் அதே ஒன்றரை மணி. இரண்டில் ஒன்றைத்தான் நம் ஊருக்குக் கொண்டுவரலாம் என்றால் இரண்டாவதைக் கேட்பேன். சட்டம் வேண்டாம், ஒரு சங்கம் நினைத்தால் போதும். ஆனால் நம்மிடம் சங்கம் என்றால் தேர்தல், பொன்னாடை, மலர்.

மே 5

விருதுநகர் ஐயா மறுபடி எழுதியிருக்கிறார். மகள் அறையை விடவில்லை. ஆனால் போர்டைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு பள்ளியில் ஆலோசகர் வேலைக்குப் போகிறாராம். வாரத்தில் பாதி நாள். எம்.ஃபில். நுழைவுத் தேர்வுக்கும் படிக்கிறாராம். பள்ளியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

அம்மா, நேராக உங்களுக்கே எழுதுகிறேன். தலைமையாசிரியர் முதல் வாரத்திலேயே "எந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று பட்டியல் கொடுங்கள்" என்பார். வேலையில் சேருமுன்பே எதைச் சொல்வீர்கள், எதைச் சொல்லமாட்டீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அறைக்குக் கதவு வேண்டும், கதவில் கண்ணாடியும் வேண்டும். உள்ளே நடப்பது கேட்கக்கூடாது, ஆனால் தெரிய வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக்கு முந்தைய படியாக உங்களை ஆக்கிவிடுவார்கள். வகுப்பில் பேசியவனை உங்களிடம் அனுப்புவதே தண்டனை என்றாகிவிட்டால், பேச வேண்டியவன் ஒருநாளும் வரமாட்டான்.

நோட்டை யாரிடம் காட்டுவது என்றால், மூத்தவர் ஒருவரைப் பிடியுங்கள். மதுரையில் கிடைப்பார். சம்பளத்தில் ஒரு பங்கு அதற்குப் போகும். கிடைக்கும் வரை உங்களைப்போன்ற இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பெயர், ஊர் எல்லாம் எடுத்துவிட்டு ஒருவர் குறிப்பை ஒருவர் படியுங்கள். கோவாக்காரர்கள் செய்தது ஏறக்குறைய அதுதான்.

மே 6

இழை நீண்டுவிட்டது, இன்னும் ஒன்றுக்குத்தான் பதில். 'நான் ஒருவரிடம் சிகிச்சைக்குப் போகிறேன். அவர் என்னைப் பற்றி எழுதும் குறிப்பை நான் பார்க்கலாமா?'

கேட்கலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அடிப்படை மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. உங்களுக்குக் கடுமையான மனப்பாதிப்பு வரும் என்றோ பிறருக்கு ஆபத்து என்றோ கருதினால் ஒரு பகுதியை அவர் நிறுத்திவைக்கலாம். அப்படி நிறுத்தினால், மனநல மறுஆய்வு வாரியத்திடம் போகும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவரே சொல்ல வேண்டும். எழுத்தில் கேளுங்கள், தேதி போடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். போர்டு மட்டும் மாட்டியவரிடம் போகிறீர்கள் என்றால் அவரை அந்தப் பிரிவு எட்டுமா என்பதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: குறிப்பு எழுதுகிறீர்களா? இல்லை, எல்லாம் மனதில் இருக்கிறது என்று சொன்னால் அடுத்த அமர்வுக்குப் பணம் கட்டாதீர்கள்.